கொக்கலவிலிருந்து எழுந்த கட்டலினா: "இலங்கையின் மீட்பர்" என்ற பட்டம் பொருந்துமா?

வன்னேரி (ஸ்காபுறோ)

வணக்கம். நவம்பர் நினைவு நாளுக்காக என் மகள் பள்ளியில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. உலகப் போர்களில் கனடியப் படையினர் என்றதும் இங்குள்ள பாடப்புத்தகங்கள் 1917இன் விமி முகட்டையும், 1942இன் தியெப் கரையையும், 1944இன் நோர்மண்டியையும்தான் முன்னுக்கு வைக்கின்றன. "நாங்கள் வந்த பக்கத்துக்குக் கனடாக்காரர் ஒருவரும் வரவில்லையா அப்பா?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததில் அகப்பட்ட ஒருவரைப் பற்றியதே இந்த இழை.

லெனார்ட் பேர்ச்சல் 1915இல் ஒன்ராறியோவின் சென் கதரின்ஸ் நகரில் பிறந்தவர். கிங்ஸ்ரன் அரச இராணுவக் கல்லூரியில் படித்து, 1937இல் வெளியேறி, கனடிய விமானப் படையில் சேர்ந்தார். அவர் பணியாற்றிய 413ஆம் அணி ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து வடகடலைக் கண்காணித்து வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்த பின், இந்து சமுத்திரத்தைக் கண்காணிக்க ஆள் போதாமல், அந்தக் குளிர் நாட்டு அணியைக் காலிக்கு அப்பால் உள்ள கொக்கல வாவிக்கு அனுப்பினார்கள். பேர்ச்சல் ஏப்ரல் 2ஆம் திகதி அங்கே வந்து இறங்கினார். 4ஆம் திகதி விடியுமுன்னரே தமது கட்டலினாவை எடுத்துக்கொண்டு தென்கிழக்கே ரோந்து போய்விட்டார்.

கட்டலினா என்பது வாவியிலிருந்தே எழுந்து வாவியிலேயே இறங்கும் விமானம். இருபது மணி நேரத்துக்கு மேலும் வானில் நிற்கக்கூடியது என்றாலும் வேகம் மிகக் குறைவு. அன்றைய ரோந்து பிற்பகலிலேயே முடிந்துவிட்டது. இரவில் திரும்பும்போது வழி பிசகாதிருக்க, நிலவு எழுந்ததும் அதை வைத்துத் தமது இருப்பிடத்தைச் சரிபார்க்க வழிகாட்டி விரும்பியதால், இன்னும் ஒரு சுற்றுப் போனார்கள். அந்தக் கூடுதல் சுற்றில், தீவிலிருந்து 350 மைலுக்கு அப்பால், தெற்கே அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. என்னவென்று பார்க்கக் கிட்டப் போனபோதுதான் அது அட்மிரல் நகுமோவின் தொடரணி என்பது புரிந்தது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்தார்.

ஒளிந்துகொள்ள ஒரு மேகமும் இருக்கவில்லை. ஸீரோ சண்டை விமானங்கள் மேலே எழுந்துவிட்டன. எதிரியைக் கண்ட செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி; மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையில் வானொலிக் கருவி நொறுங்கியது. எரிந்துகொண்டே கடலில் இறங்கிய விமானத்திலிருந்த ஒன்பது பேரில் ஆறு பேரை யப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று உயிரோடு பிடித்தது. மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலையில் கொழும்பு தாக்கப்பட்டது.

பத்திரிகைகள் அவருக்கு "இலங்கையின் மீட்பர்" என்று பட்டம் கொடுத்தன. மகளின் கட்டுரையிலும் அதுவே தலைப்பு. அதை அப்படியே விடலாமா என்று எனக்குச் சிறு தயக்கம் உண்டு. போர் வரலாறு தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வாங்கு (மிசிசாகா)

பிரம்டன், மார்க்கம் என்று இருபது வருடம் இந்த மாகாணத்திலேயே ஓடித் திரிந்தும் இந்தப் பெயரைக் கேட்டதில்லை, வன்னேரி அண்ணை. பதிந்தமைக்கு நன்றி. தெரிந்தவர்கள் தொடருங்கள், நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடற்கரை வீதி (திருகோணமலை)

என் பாட்டனார் 1942இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஏப்ரல் 9ஆம் திகதி காலை சீனன்குடாவிலும் துறைமுகத்திலும் குண்டு விழுந்தபோது, அடுப்பில் வைத்த உலையை இறக்காமலே குடும்பத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் கந்தளாய்ப் பக்கம் போனதாகவும், எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்த புகை பல நாளாக வானத்தில் நின்றதாகவும் சொல்லுவார். "மீட்பர்" என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. இதைச் சொல்லிவிட்டே என் மறுப்பை வைக்கிறேன். என் கண் கொஞ்சம் சாய்வாகப் பார்க்கக்கூடும்.

முதலாவதாக, யப்பானியர் வருவார்கள் என்பது பேர்ச்சல் சொல்லித்தான் தெரியவந்தது என்பது சரியல்ல. மறைகுறிச் செய்திகளை உடைத்ததன் மூலம் ஏப்ரல் 1ஆம் திகதியளவில் தாக்குதல் நடக்கலாம் என்று பிரித்தானியர் மார்ச் மாதக் கடைசியிலேயே அறிந்திருந்தனர். பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சொமர்வில் தமது கப்பல்களோடு தீவுக்குத் தெற்கே காத்தும் இருந்தார். கோழி கூவித்தான் பொழுது விடிந்தது என்பது போன்ற கதை இது.

இரண்டாவதாக, எச்சரிக்கை கிடைத்த பின்னும் நடந்தது என்ன? கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை விமானத் தளத்தில் சண்டை விமானங்கள் நிலத்தில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். ராடாரிடமிருந்து நேரத்தோடு ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. அங்கொடை மனநல மருத்துவமனை மீதுகூடக் குண்டு விழுந்தது.

மூன்றாவது, எனக்கு மிகவும் உறுத்துவது. கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரு பாரிய கப்பல்களும் கொழும்பிலிருந்து 4ஆம் திகதி இரவு கிளம்பியது அந்தச் செய்தியால்தான். மறுநாள் நடுக்கடலில் இரண்டும் மூழ்கி 424 பேர் மாண்டார்கள். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக்கும் அதே கதிதான்: இரண்டாம் தாக்குதலுக்கு முந்திய இரவு திருகோணமலையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. எச்சரிக்கையால் தப்பிய கப்பல்களை எண்ணுகிறவர்கள், எச்சரிக்கையால் வெளியே போய் அழிந்தவற்றையும் எண்ண வேண்டும்.

கடைசியாக ஒன்று. தீவைப் பிடிக்கும் திட்டம் யப்பானியக் கடற்படைக்குள் பேசப்பட்டது உண்மை. ஆனால் அதற்குத் துருப்புகளைத் தரத் தரைப்படை மறுத்துவிட்டது. நகுமோ வந்தது பிரித்தானியக் கடற்படையை அழிக்க, கரையிறங்க அல்ல. பிடிக்க வராதவனிடமிருந்து ஒரு நாட்டை எப்படி மீட்பது?

நூலக எலி (சென்னை)

கடற்கரை வீதி அவர்களின் நான்கு வாதங்களில் நான்காவதை முழுமையாக ஏற்கிறேன். முதலாவதை ஏற்க இயலவில்லை, ஏனென்றால் அதில் ஒரு மூன்று நாள் விடுபட்டுப்போகிறது.

ஏப்ரல் 1 என்று எதிர்பார்த்தார்கள். மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரை சொமர்வில் கடலில் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்ததால், தகவல் தவறு என்று முடிவு கட்டி, தமது கப்பல்களை மாலத்தீவுக் கூட்டத்தின் தெற்கு முனையிலுள்ள அட்டு பவளத்தீவுக்குத் திருப்பினார். தாங்கள் குறிப்பிடும் இரு கப்பல்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸைத் திருகோணமலைக்கும் அனுப்பியதும் அப்போதுதான். அதாவது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பிய ஒரு கடற்படையின் காதில்தான் 4ஆம் தேதி மாலை அந்தச் செய்தி விழுந்தது. புலி வருகிறது என்று ஒருமுறை கத்தி, புலி வராமல் போய், எல்லோரும் படுத்துவிட்ட பிறகு உண்மையிலேயே புலியைக் கண்டு சொன்னவரின் நிலை பேர்ச்சலுடையது. முன்பே தெரியும் என்பதும், இப்போது இங்கே இருக்கிறது என்பதும் ஒன்றாகிவிடாது.

கொழும்புத் துறைமுகத்தில் மூழ்கியவை முக்கியமாக டெனடோஸ் என்ற நாசகாரியும், ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலான ஹெக்டரும். இலங்கையின் பிரித்தானியத் தளபதி அட்மிரல் லேட்டன் அதற்கு முன்னரே கப்பல்களைக் கலைந்து போகச் சொல்லியிருந்ததால் துறைமுகத்தில் நெரிசல் குறைந்திருந்தது. நகுமோ தேடிவந்த பெரிய இரை அங்கே இல்லை.

அந்த இரு கப்பல்களின் கதை வேதனைக்குரியதே, மறுக்கவில்லை. ஆனால் அவை சொமர்விலோடு சேர்வதற்காகத் தெற்கு நோக்கிப் போகும்படி பணிக்கப்பட்டவை. போகும் வழியைத் தீர்மானித்தது தலைமை, செய்தி அல்ல. கண்டதைச் சொன்னவன்மேல், கேட்டவன் எடுத்த முடிவின் பழியையும் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. பல மணி நேரம் நீரில் கிடந்து மீட்கப்பட்டவர்கள் 1,122 பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் அந்த வாரம் எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த மாதத்தில் சென்னையே பாதி காலியானது. வீடுகளைப் பூட்டிவிட்டு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போன கதை பழைய மயிலாப்பூர்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. வங்கக் கடல் முழுவதும் அப்போது காவலற்றுக் கிடந்தது.

வன்னேரி (ஸ்காபுறோ)

இருவருக்கும் நன்றி. நூலக எலி ஐயா, சேர்ச்சில் சம்பந்தமான ஒரு கதையையும் படித்தேன். போருக்குப் பின் வாஷிங்டனில் ஒரு விருந்தில், போரில் தம்மை மிகவும் அச்சுறுத்திய கணம் யப்பானியத் தொடரணி இலங்கையை நோக்கி வருகிறது என்ற செய்தி வந்ததே என்றும், அதை அனுப்பிய விமானி கடலடியில் கிடக்கிறான் என்றும் அவர் சொன்னாராம். அங்கிருந்த கனடியத் தூதர் லெஸ்டர் பியர்சன், அந்த மனிதர் செத்துப்போகவில்லை, எங்கள் தூதரகத்தில்தான் வேலை செய்கிறார் என்றாராம். இதை நம்பலாமா?

நூலக எலி (சென்னை)

விருந்துக் கதைகளைச் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. போருக்குப் பின் பேர்ச்சல் வாஷிங்டனில் கனடிய விமானப் படையின் சார்பில் பணியாற்றியதும், பியர்சன் அங்கே தூதராக இருந்ததும் உண்மை. மகளின் கட்டுரையில் "இப்படி ஒரு கதை சொல்லப்படுகிறது" என்று எழுதினால் குற்றமில்லை.

கடற்கரை வீதி (திருகோணமலை)

அந்த மூன்று நாள் இடைவெளியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் பிழை. கோழிக் கதையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் "மீட்பர்" என்ற சொல்லை என்னால் விழுங்க முடியாது. திருகோணமலையை ஒருவரும் மீட்கவில்லை. 9ஆம் திகதி அதே 413ஆம் அணியின் இன்னொரு கட்டலினாவும் யப்பானியக் கப்பல்களைத் தேடிப் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு யாரும் பட்டம் சூட்டவில்லை. புகழ் உயிரோடு திரும்பியவருக்கே போகிறது.

தென்காற்று (காலி)

இருபது ஆண்டுகளுக்கு மேல் காலி மாவட்டத்தில் தமிழ் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். கொக்கலவை அடிக்கடி கடந்து போவதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்தத் தளத்தை அமைக்க அங்கிருந்த கிராமங்களை வெறுமையாக்கினார்கள். குறுகிய அவகாசத்தில் சனங்கள் வெளியேற, வீடுகளும் தென்னந்தோட்டங்களும் தரைமட்டமாயின. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த மலலகம என்ற ஊரும் அதில் அடக்கம். அவருடைய வீடு மட்டும் இடிபடாமல் தப்பியது. இப்போது அதைச் சுற்றி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மாணவர்களை அங்கே கூட்டிப் போனால், சுண்ணாம்பு பூசிய திண்ணையும் ஓட்டுக் கூரையுமாய் அந்த ஒற்றை வீட்டை மரங்களுக்கிடையே பார்க்கலாம். அக்கம்பக்கத்து வீடுகள் எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் விடாது.

பேர்ச்சல் அதற்குப் பொறுப்பல்லர். அவர் வந்து இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டார்; தாம் இறங்கிய வாவியின் கரையில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கக்கூட அவருக்கு நேரம் கிடைத்திராது. ஆனால் "இலங்கையின்" என்ற அந்த முதற்சொல்லையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

பனிக்கால் (கிங்ஸ்ரன்)

நான் இருக்கும் ஊரில்தான் பேர்ச்சல் தமது கடைசிக் காலத்தைக் கழித்து 2004இல் இறந்தார். இங்குள்ள இராணுவக் கல்லூரிக்கு 1963 முதல் 1967 வரை தலைவராகவும் இருந்தார். முப்படைகளையும் ஒன்றாக்கும் அரசின் முடிவு பிடிக்காமல் சேவையிலிருந்து விலகி, பிறகு ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பணி பார்த்தார். யோர்க்கில் படித்த நம் பிள்ளைகளில் ஒருவராவது இதை அறிந்திருப்பாரோ தெரியாது.

நீங்கள் எல்லோரும் ஒரே ஒரு பிற்பகலைப் பற்றியே வாதாடுகிறீர்கள். அவர் யப்பானியரிடம் கைதியாக இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். கனடியப் படையினரிடையே அவருடைய பெயர் நின்றது பெரும்பாலும் அதனால்தான்.

பிடிபட்ட அன்றே அடியும் விசாரணையும் தொடங்கின. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அறுவரும் சாதித்தனர். அந்நேரம் பார்த்து, செய்தி தெளிவில்லை, மறுபடி அனுப்பு என்று கொழும்பு நிலையம் வானலையில் கேட்டது. அதை யப்பானியரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு விழுந்த அடியைச் சொல்ல வேண்டியதில்லை.

யப்பானுக்குக் கொண்டுபோன பின், முதலில் ஒஃபுனா என்ற விசாரணை முகாம். பிறகு யோகோகாமா முதலான இடங்களில் வேலை முகாம்கள். எழுந்து நிற்கவும் இயலாத நோயாளிகளைக் காவலன் அடித்து வேலைக்கு இழுத்தபோது குறுக்கே போய் நின்று, தாமும் அடிபட்டுத் தனிச்சிறைக்குப் போனவர் அவர். நோயாளிகளை வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கைதிகள் எல்லோரையும் வேலை செய்யாமல் உட்காரவைத்ததும் உண்டு. போர் முடிந்ததும் பிரித்தானிய அரசு அவருக்கு விருது வழங்கியது இவற்றுக்காகவே. அவர் மறைத்து எழுதிவைத்த நாட்குறிப்புகள் பிற்பாடு போர்க்குற்ற விசாரணைகளில் பயன்பட்டன.

என் மனதில் நிற்பது ஒரு சிறு விடயம். முகாமில் சோறு பங்கிடும்போது அதிகாரிகள் கடைசியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. தன் கோப்பையில் குறைவாக விழுந்ததாக நினைக்கும் எந்தச் சிப்பாயும், எதிரே வந்து எந்த அதிகாரியின் கோப்பையையும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். பட்டினியில் கிடக்கும் ஆண்கள் நூற்றுக்கணக்கானோர் அடைந்து கிடக்கும் இடத்தில், ஒரு பருக்கையைப் பார்த்து இன்னொருவன் சந்தேகப்படும் இடத்தில், அந்த ஒரு விதி எவ்வளவு சண்டையைத் தடுத்திருக்கும் என்று அகதி முகாமில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய எனக்கு விளங்குகிறது.

மூன்றாம் வாங்கு (மிசிசாகா)

யப்பானியரிடம் பிடிபட்ட கனடியர்கள் அவர் ஒருவர்தானா?

பனிக்கால் (கிங்ஸ்ரன்)

இல்லை தம்பி, மிகப் பெரிய கூட்டம் ஹொங்கொங்கில் பிடிபட்டது. வினிப்பெக் கிரனேடியர்ஸ், கியூபெக்கைச் சேர்ந்த ரோயல் ரைபிள்ஸ் என்ற இரு படைப்பிரிவுகளிலிருந்து 1,975 பேர் 1941 நவம்பரில் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களுடைய வாகனங்கள் ஏற்றிய கப்பல் வேறு பாதையில் போய், ஹொங்கொங்குக்கு வந்து சேரவே இல்லை. மூன்று வாரம் கழித்து யப்பானியர் தாக்கினர். நத்தார் அன்று சரணாகதி. சண்டையில் இறந்தோர் 290 பேர். முகாம்களில் பட்டினியாலும் நோயாலும் மேலும் 260க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே அவர்களுக்குப் பக்கத்தில் நின்று போரிட்டவர்களில் பஞ்சாப், ராஜ்புத் படைப்பிரிவுகளின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர்.

உயிர் தப்பியோருக்கு அடிமை வேலைக்கான இழப்பீடாகத் தலைக்கு 24,000 டொலரைக் கொடுக்கக் கனடிய அரசு முன்வந்தது 1998இல். யப்பானிய அரசு மன்னிப்புக் கேட்டது 2011 டிசம்பரில். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டனர். ஆசியப் போர் கனடாவிலேயே எவ்வளவு பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளும் போதும்.

நூலக எலி (சென்னை)

ஒரு சிறு திருத்தம், அல்லது சேர்க்கை. பேர்ச்சலின் அணி கனடிய அணி என்றாலும், அன்று விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ்காரர்கள். அந்தக் காலத்து விமானப் படைகளில் இது வழக்கம். பிரிட்டிஷ் அணிகளில் கனடியர் ஆயிரக்கணக்கில் பறந்தார்கள். எனவே இதைக் "கனடியச் சாதனை" என்று எழுதும்போது மற்றவர்களையும் ஓரமாக நிறுத்திவிடாதீர்கள். பின்னாளில் பர்மாப் போரில் காட்டுக்குள் இருந்த படைகளுக்கு வானிலிருந்து அரிசியும் மருந்தும் போட்ட 435, 436ஆம் கனடிய அணிகள் 1944இல் பிரிக்கப்படாத இந்தியாவின் குஜ்ராத் என்ற ஊரில்தான் உருவாயின (நம் குஜராத் மாநிலம் அல்ல, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள ஊர்). உங்கள் மகளின் அடுத்த கட்டுரைக்கு அது ஆகும்.

கடற்கரை வீதி (திருகோணமலை)

பனிக்கால் அவர்களே, அந்தக் கோப்பை விடயத்தை நான் அறிந்திருக்கவில்லை. என் வாதம் பட்டத்தோடுதான். அந்த மனிதரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

வன்னேரி (ஸ்காபுறோ)

இந்த இழையை நேற்றிரவு மகளுக்கு ஆரம்பத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். தலைப்பிலிருந்து "மீட்பர்" என்ற சொல்லை அவளே எடுத்துவிட்டாள். "மூன்றாம் முறை முடியாத செய்தி" என்று வைத்திருக்கிறாள். கொக்கல வாவிக் கரையின் ஒற்றை வீட்டுக்கு ஒரு பந்தி ஒதுக்கியிருக்கிறாள். கோர்ன்வோல், டோர்செற்ஷயர் பற்றிய பகுதியில் மட்டும் எனக்கும் அவளுக்கும் இன்னும் இழுபறி. நூலக எலி ஐயாவின் பக்கம் அவள். நான் கடற்கரை வீதி அவர்களின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன்.

அவளுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விமானத்திலிருந்த ஒன்பது பேரில் கடலோடு போன அந்த மூவருக்கும் எங்கேயாவது ஒரு கல் இருக்கிறதா?

நூலக எலி (சென்னை)

தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கடல்களில் மாண்டு, கல்லறை என்று ஒன்று இல்லாமற்போன பொதுநலவாய விமானப் படையினரின் பெயர்களை சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். தேட வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாம் வாங்கு (மிசிசாகா)

மார்ச் மாதம் என் தமக்கையின் மகனுடைய திருமணத்துக்காகச் சிங்கப்பூர் போகிறேன். கிராஞ்சிக்கு ரயிலில் போகலாம் என்று தமக்கை சொன்னா. அந்த மூவருடைய பெயர்களையும், ஏப்ரல் 9ஆம் திகதி திரும்பாத கட்டலினாவில் இருந்தவர்களின் பெயர்களையும் யாராவது எனக்குத் தனிமடலில் அனுப்பிவிடுங்கள். தேடிப் பார்த்துப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.